'பொலிவு' என்னும் அடுக்கும் ஏழாவது குறியும்

தமிழில் பெயரிட்டால் நிரல் ஓடாது என்று கணினி கற்றவர்களே சொல்லி வருகின்றனர். அக்கூற்று பிழையென்பதை என் கைப்பிழையாலேயே அறிந்தேன். பழி மொழியின்மேல் விழலாகாது என்பதால் இதனை எழுதுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின், அதியமான்கோட்டையில் என் மகள் நடத்தும் ஒளிப்பட நிலையத்தில் அவளுக்குத் துணையாக இருக்கிறேன். மண்டப விளக்குகளால் முகங்களில் ஊதா நிறம் படிந்துவிடும். மூலப்படம் கெடாதவாறு அதன்மேல் திருத்த அடுக்கொன்றை இட்டு நிறத்தைச் சீராக்குவோம். அவ்வடுக்குக்குப் 'பொலிவு' எனப் பெயர் வைத்தேன். படந்தோறும் மகள் அடுக்கை இட்டுப் பெயரைத் தட்டச்சிடுவாள். அப்பெயரைத் தேடி எல்லாப் படங்களையும் ஒருசேரத் திருத்தும் நிரலை நான் எழுதினேன்.

பாப்பிரெட்டிப்பட்டித் திருமணம் ஒன்றின் படங்களில் அதனை முதன்முதலாக ஓட்டினோம். 'பொலிவு' என்னும் அடுக்கே இல்லை என்று நிரல் நின்றுவிட்டது. திரையில் அடுக்கு கண்ணெதிரே இருந்தது.

"ஏம்ப்பா, லேயருக்கு எதுக்குப்பா செந்தமிழு? 'லைட்'னு வெச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள் மகள். "மாப்பிள்ள மூஞ்சி கத்திரிக்கா கணக்கா இருக்குது. நாலு மணிக்குப் பொண்ணோட அம்மா வந்துருவாங்க. அதுக்குள்ள ஓடலைன்னா எல்லாப் பேரையும் இங்கிலீசுக்கு மாத்திருவேன், சொல்லிட்டேன்."

"மூணு மணி வரைக்கும் பொறும்மா" என்றேன்.

மகள் அடுக்கில் இட்ட பெயரிலும் நான் நிரலில் இட்ட பெயரிலும் எத்தனை குறிகள் உள்ளன என்று நிரலையே எண்ணச் சொன்னேன்; மெய்யையும் அதனோடு சேரும் உயிர்க்குறியையும் கணினி தனித்தனிக் குறிகளாகவே எண்ணும். மகள் இட்ட பெயரில் ஆறு. நான் இட்டதில் ஏழு! பழைய தட்டச்சுப் பொறியின் பழக்கத்தால், 'பொ' என்பதற்குக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டும் விசைப்பலகையை நான் வைத்திருந்தேன். மகளின் விசைப்பலகை இரண்டையும் ஒரே குறியாக இடுவது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியவை கணினிக்கு வேறு வேறு சொற்கள்.

கொம்பும் காலும் பிரிந்து வந்தால் ஒப்பிடுமுன் ஒற்றைக் குறியாக்குக என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

"பரவால்லயேப்பா! தப்பு தமிழுல இல்ல, உங்க வெரல்ல" என்று சிரித்தாள்.

இன்றும் எங்கள் நிலையத்தில் அடுக்குகள் அனைத்தும் தமிழ்ப் பெயர் தாங்கியே நிற்கின்றன. அதில் எனக்குப் பெருமிதம் உண்டு. நிரலியல் வல்லார் என் விளக்கத்தில் வழு காணின் தயங்காது சுட்டுக, திருத்திக்கொள்வேன்.