சவ்வைக் கழுவியவன்

போன செவ்வாய்க்கிழமை ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் பொய் சொன்னேன். அதுவும் கூசாமல்!

என் உள்ளங்கால் புண்ணைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். இனிப்பு நீர்க்காரனின், அதாவது சர்க்கரை வியாதிக்காரனின் புண். மாதக் கணக்கில் மருந்து வைத்தும் ஆறவில்லை. இப்படியே போனால் பெருவிரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சீன டாக்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியோடு வெளியே வருகிற மெல்லிய சவ்வு... அதைச் சுத்தம் செய்து புண்மேல் ஒட்டிப் பார்க்கிறார்களாம். சில பேருக்குச் சவ்வு, சில பேருக்கு வழக்கமான மருந்து. எது சீக்கிரம் ஆற்றுகிறது என்று பார்க்கும் சோதனை. உடனே தலையாட்டினேன். ஆட்டாமல்? 'எண்பதுகளிலுமா தீட்டு?' என்று இதே பத்திரிகைப் பத்தியில் முழங்கியவன் ஆயிற்றே!

எனக்குச் சவ்வு கிடைத்தது. ஒட்டிக் கட்டுப் போட்டு, "அடுத்த முறை நானே பிரிக்கிறேன், நீங்கள் தொடக் கூடாது" என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்றச் சாமி மேடைப் பக்கம் போனேன். கால் நகரவில்லை. யாரோ பெற்ற பிள்ளையின் தீட்டைக் காலில் சுமந்துகொண்டு சாமி முன்னால் நிற்பதா? பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். கட்டைப் பிரித்தேன், சவ்வை உரித்தேன், மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க இது... டாக்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தானா விழுந்துருச்சுன்னு சொல்றேன்லா."

செவ்வாய்க்கிழமை அப்படியேதான் சொன்னேன். டாக்டர் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் இது புண்ணில் நிற்காது போலிருக்கிறது" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் வந்து அமர்ந்தார். பேர் முனியாண்டி, லாரி ஓட்டுகிறார். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"அண்ணே, நீங்க பேப்பர்ல எழுதுறவருதானே? வாரா வாரம் படிக்கிறேன்லா!"

சந்தோஷமாகத்தான் இருந்தது — அவர் மேலே பேசும்வரை.

"எம் பொண்டாட்டிக்கு இங்கதான் பிரசவம். பொம்பளப் புள்ள. நஞ்சுக்கொடியில ஒரு தோல் இருக்காம், கால் புண்ணுக்கு வைக்கக் குடுங்கன்னு நர்ஸ் மிஸ்ஸி கேட்டாங்க. எங்கம்மா விடல. வீட்டுக்குக் கொண்டாந்து பொதைக்கணும், அடுத்தவங்க கையில குடுத்தா புள்ளைக்கு ஆவாதுன்னு ஒரே அழுகை. நீங்க தீட்டப் பத்தி எழுதுனதத்தான் படிச்சுக் காட்டுனேண்ணே. அப்புறந்தான் சரின்னாங்க. யாரு காலுக்குப் போவுதோ... நல்லா ஆவணும்."

என் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். கூனிக் குறுகினான் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்படி ஏதோ ஒரு வீடு பயந்து பயந்து கொடுத்ததைத்தானே நான் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன்? போதாததற்கு, என் பொய்யை நம்பி இந்த வைத்தியத்தையே கைவிட்டால் எத்தனை பேர் விரல் போகும்?

திரும்பிப் போய் உள்ளதைச் சொன்னேன். டாக்டர் என்னைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்.

"இன்னொரு சவ்வு வைக்க முடியாதா?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"கழுவாத ஆளுக்கு வைக்கிறேன்" என்றார்.

இனி எனக்குப் பழைய மருந்துதான். விரல் தப்புமோ, போகுமோ... தெரியாது.

இனிப்பு நீர்க்காரனுக்குக் காலில் உணர்ச்சி இருக்காது என்பார்கள். முகத்தில் இருக்கிறது — இதை எழுதும்போதும் எரிகிறது.