அம்மா தூக்காத கை

ஒன்பது வயதில் நான் அம்மாவோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தேன். சோறு போடுகிறவரோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஹேவாஹெட்ட பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் சேர்ந்து ஒரு சுகநலச் சங்கம் நடத்தினார்கள். அம்மாதான் தலைவி. ஆளுக்கொரு சந்தா. சந்தா கட்டியவர் நோயில் விழுந்தால், கண்டிக்குப் போகும் வான் கூலி, வெளியில் எடுக்கும் ஸ்கேன், வேலை நின்ற நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். மற்றச் செலவுகள்தான் எங்கள் முதுகை முறிக்கும்.

சங்கம் பிறக்க என் மாமாதான் காரணம். கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர், கழுத்தில் டையோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து பாதிப் பேரைச் சேர்த்துவிட்டார். ஆளுக்கொரு பளபளப்பான கலண்டர் கிடைத்தது. பெரியம்மாவுக்குக் கால் முறிந்தபோது கிடைத்தது ஒரு கடிதம். எலும்புத் தேய்மானம் அவருக்கு முன்பே இருந்ததாம், அதனால் பணம் இல்லையாம். அதற்குப் பிறகு மாமாவும் இந்தப் பக்கம் வரவில்லை. அந்த வாரமே அம்மா, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் முதல் கூட்டத்தைக் கூட்டினார்.

அப்பா மட்டும் மாமாவின் கம்பனியை விடமாட்டேன் என்று நின்றார். டை கட்டியவன் பொய் சொல்லமாட்டான் என்பது அவர் கட்சி. ஒருவழியாக மனம் மாறிச் சங்கத்தில் சேர்ந்த நாலாவது மாதம், சிறுநீரகக் கல் வந்து சுருண்டு விழுந்தார். உடனே வெளியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். சேர்ந்து ஆறு மாதம் ஆனால்தான் உதவி என்பது சங்கத்தின் விதி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்த விதியைத் தளர்த்த ஒருவருக்கும் தயக்கம் இல்லை. “தலைவி வீட்டுக்காரருக்கு இல்லாம வேற யாருக்கு?” என்றார் பெரியம்மா. கைகள் எல்லாம் உயர்ந்தன. தொட்டிலுக்குப் பின்னால் நின்ற நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். அம்மாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

“போன மாசம் கீழ் லயத்து அத்தைக்கு ரெண்டு வாரம் கொறையுதுன்னு இல்லன்னுட்டோம். அவங்க கடன் வாங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. இந்தா, முன்னாலதான் ஒக்காந்திருக்காங்க. இன்னிக்கு எங்க வீட்டுக்காக விதிய மாத்துனா, அவங்க மொகத்த நான் எப்படிப் பாக்கிறது?”

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக நின்றவை என்னுடையவை.

“நீயும் எறக்கு” என்றார் அம்மா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கம்பனியும் இல்லை என்றது, அம்மாவும் இல்லை என்கிறார். கம்பனியாவது ஒரு கலண்டர் தந்தது.

ஸ்கேனுக்கு அம்மா எங்கே பணம் புரட்டினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அப்பாவைத் தாங்கிக்கொண்டு போனோம். பஸ் நிற்கும் இடத்தில் கையில் பிளாஸ்க்கோடு கீழ் லயத்து அத்தை நின்றார். எங்கள் கஷ்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“நீங்க அண்ணன் பக்கத்துல இருங்க” என்றார் அத்தை அம்மாவிடம். “ஆஸ்பத்திரி வரிசையில நான் நிக்கிறேன்.”

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை, அடுத்த இரண்டு நாளும் போகவில்லை. அப்பா குணமாகி வந்ததும் முதல் வேலையாகச் சுவரில் தொங்கிய கம்பனிக் கலண்டரைக் கழற்றி என் கணக்குக் கொப்பிக்கு உறை போட்டுத் தந்தார்.

இப்போது சங்கத்தின் தலைவி நான். அதே ஆறு மாத விதியைச் சொல்லி, தெரிந்த முகங்களைப் பார்த்து இல்லை என்று சொல்லவேண்டி வருகிறது. அம்மா எங்கள் வீட்டுக்கும் அதே பதிலைச் சொன்னதால்தான் அத்தை அந்தப் பிளாஸ்க்கோடு வந்து நின்றார் என்பது இந்தக் கதிரையில் உட்கார்ந்த பிறகே எனக்கு விளங்கியது.

பேசாமல் இருந்த அந்தப் பதினோரு நாளும் அம்மாவின் காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி இருந்தது. தினமும் அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.