பெண் பார்க்க வந்த நாளில் தகரச் சட்டை

எனக்கு வாய் நீளம். இந்தத் தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குப்பை லாரிக்காரன் முதல் கோயில் தலைவர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் சாயங்காலம், என் வீட்டு ஹாலிலேயே, வாயைத் திறக்காமல் நின்றேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் காடி நின்றதே இல்லை. கார் வெளியே ரோட்டோரத்தில் காயும். போர்ச் முழுக்க என் தகரம்தான். ரொட்டிக் கடையிலிருந்து வரும் சதுர எண்ணெய் டின், தீபாவளி முடிந்ததும் அக்கம்பக்கத்தில் வீசும் பிஸ்கட் டின், பிய்ந்த கூரைத் தகரம், ஓட்டையான குவாலிச் சட்டி. கோலா கெத்தில் தோட்டத்தில் இருக்கும் என் தம்பி, ரப்பர் பால் சுமந்து நசுங்கிப்போன அலுமினிய வாளிகளைக் கொண்டுவந்து போடுவான். அதையெல்லாம் வெட்டி, மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டிக் குழித்து, ரிவெட் ஆணி அடித்து, படைவீரன் போடுகிற மார்புக் கவசமும் தோள் கவசமும் செய்வேன். வாளிக்கு அடிப்பாகம் இருக்கிறதே, அது தோளுக்கென்றே பிறந்தது மாதிரி உட்காரும்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாடகத்துக்கு ஒரு தளபதி சட்டை கேட்டாள். எல்லாரும் அட்டையில் ஒட்டினார்கள். நான் பிஸ்கட் டின்னில் செய்து கொடுத்தேன். பிள்ளை மேடையில் நடந்தபோது அந்தச் சத்தம் இருக்கிறதே! அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஃபேக்டரி வேலை முடிந்து வந்தால் கை தானாகத் தகரக் கத்தரியைத் தேடும். அப்புறம் பேரங்காடிகளில் வேஷம் கட்டிப் போட்டி நடத்தும் பிள்ளைகள் வந்தார்கள். தோட்டத்துத் திருவிழா நாடகக்காரர்கள் வந்தார்கள். "அக்கா, வாள் ஒண்ணு", "அக்கா, கிரீடம் ஒண்ணு" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குப் பெருமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

வளர்ந்ததும் மகளுக்குத்தான் அது வெட்கமாகிவிட்டது. கூட வேலை செய்யும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல பையன். அவன் வீட்டாருக்கு ஜித்ராவில் மளிகைக் கடை. அவனுடைய அம்மா நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பார்ப்பவர், கொஞ்சம் கறார் என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவர் சரி என்றால்தான் கல்யாணம். பையன் அம்மாவை மீற மாட்டான். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்று காலை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உன் தகரத்த உள்ள தூக்கிப் போட்டுடுலா. எனக்கு வெக்கமா, மலுவா இருக்கும்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் ஏசவில்லை. எல்லாவற்றையும் அள்ளிப் பின்கட்டில் போட்டு மூடினேன். ஒன்றே ஒன்றுதான் போர்ச்சில் மிஞ்சியது. மறுநாள் காலை கோலா கெத்திலுக்குப் போகவேண்டிய ஒரு முழு உடுப்பு. அதன்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவைத்தேன்.

ராகுகாலத்துக்கு முன்னால் வந்துவிடுவோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஞாயிறு ராகுகாலம் நாலரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடிகிறது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தேன். நாலரை ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. "இனிமே எங்க வரப்போறாங்க? நேரம் காலம் பாக்குறவங்க ராகுகாலத்துல வாசப்படி மிதிப்பாங்களா? ஆறு மணிக்கு மேலதான்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் தோன்றியது. வாழைப்பழம் பத்தாது என்று அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். மகள் அறைக்குள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? சேலை கசங்கக்கூடாது என்று அவிழ்த்து வைத்துவிட்டுப் பழைய சிலுவார் கால்சட்டையும் டீ-சட்டையும் போட்டுக்கொண்டு போர்ச்சுக்கு வந்தேன். அந்த உடுப்பில் கழுத்துப் பட்டை சரியாக உட்காருமா என்று ஒரு சந்தேகம். கழுத்தை மட்டும் பார்த்திருந்தால் போதும். முழுசாகப் போட்டுப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? மார்பு, முதுகு, தோள், தொடை, பால் டின்னை வெட்டிச் செய்த கையுறை, கடைசியாக அலுமினியக் குண்டானில் செய்த தலைக்கவசம். அதற்கு முகத்தகடு திறக்காது. கண்ணுக்கு நேராக ஒரு பிளவு, அவ்வளவுதான். கழுத்துப் பட்டையை அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். புதிதாக அடித்த ரிவெட் தலை, குண்டான் விளிம்புக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. கழற்றினால் வரவில்லை. பின்னாலிருந்து யாராவது அழுத்தி எடுக்க வேண்டும். என் கை அங்கே எட்டாது.

மகளைக் கூப்பிட வாயெடுத்தபோது வாசல் கேட்டுக்கு முன்னால் ஒரு காடி வந்து நின்றது.

அவர்கள்தான். பிறகுதான் தெரிந்தது. ஜித்ராவில் அவர்கள் வைத்திருக்கும் நாட்காட்டி நம் ஊரில் சூரியன் உதிக்கும் நேரத்துக்குக் கணக்குப் போட்டது. அதில் ராகுகாலம் ஆறு மணிக்குக் கிட்டத்தான் தொடங்குமாம். எங்களுடையது இந்தியாவில் அச்சடித்தது. அடப் பாவமே, இத்தனை வருஷம் எந்த ஊர் ராகுவுக்குப் பயந்துகொண்டிருந்தோமோ!

காடியிலிருந்து பையனும் அவன் அம்மாவும் இறங்கினார்கள். அந்த அம்மா கையில் பூ, பழம், வெற்றிலை வைத்த தட்டு. மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என் எதிரிக்குக்கூடக் கிடைக்கக் கூடாது.

"இது யாரும்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பக்கத்து வீட்டு அங்கிள், ஆண்ட்டி. நாடகத்துக்குப் போட்டுப் பாக்குறாரு. அம்மா கடைக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க."

பெற்ற பிள்ளை. ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். நானாவது, இல்லை, நான்தான் அம்மா என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. அவள் கண் என்னைக் கெஞ்சியது. நான் தலையை ஆட்டினேன். குண்டான் கடகடவென்று ஆடியது.

அதோடு தப்பித்தேனா? ஹாலில் உட்கார்ந்ததும் அந்த அம்மா, "அங்கிள் ஏன் வெக்கையில நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லும்மா" என்றார். வேறு வழியில்லாமல் மகள் என்னைக் கூப்பிட்டாள், "வாங்க அங்கிள்" என்று. என் வீட்டுக்குள் நான் விருந்தாளியாகப் போனேன். தொடைத் தகடு மடங்காது, உட்கார முடியாது. சீலிங் காற்றாடிக்குக் கீழே மரமாட்டம் நின்றேன். உள்ளே பழைய எண்ணெய் வாடை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்க முடியவில்லை. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "அங்கிளுக்கு இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். மகள் எனக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். தகரக் கையால் வாங்கிப் பிடித்துக்கொண்டு, எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளைப் பெற்றதற்கா, இந்தத் தகரத்தைத் தட்டியதற்கா, வாயை மூடிக்கொண்டு நின்றதற்கா, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"உங்கம்மா என்னம்மா செய்றாங்க?" என்று அவர் கேட்டார்.

"ஃபேக்டரியில வேலை, ஆண்ட்டி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."



அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாழைப்பழச் சீப்போடு உள்ளே வந்தார். வந்தவர் ஹாலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்னைப் பார்த்துவிட்டார். "ஏண்டி, அவங்க வர்ற நேரத்துல இதப் போட்டுக்கிட்டு நிக்கிறியே, உனக்கு அறிவு இருக்கா?" என்றார். அப்புறம்தான் நாற்காலியில் இருந்தவர்களைக் கண்டார்.

மகள் குனிந்த தலை நிமிரவில்லை. அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. மெட்டி போட்ட அங்கிள நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். வெறுங்கால். இரண்டு கால் விரலிலும் வெள்ளி மெட்டி பளபளவென்று கிடந்தது.

அவர் மகள் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்கம்மா எதப் போட்டிருந்தா எனக்கென்னம்மா? எதுக்கு நிக்குறாங்கன்னு கேட்டு சிரிச்சிட்டுப் போயிருப்பேன். பெத்தவளையே இல்லைன்னு சொல்ற புள்ள, நாளைக்கு நான் படுத்துட்டா என்னை யாருன்னு சொல்லும்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். மேசைமேல் வைத்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பையன் ஏதோ சொல்ல வந்தான். "காடிய எடுய்யா" என்றார்.

மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் என் வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு நான் ஓடினேன். அந்த உடுப்பில் யாராவது ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? தெரு முழுக்கப் பாத்திரக் கடை கவிழ்ந்த சத்தம். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா வெளியே வந்துவிட்டார். பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் காடிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, அவ மேல தப்பு இல்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். இந்தக் கோலத்துல உங்க முன்னாடி நிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவ மாட்டேன்னுதான் சொன்னா."

அந்த அம்மா காடிக் கண்ணாடியை இறக்கினார். என் தலைக்கவசத்தில் இருந்த பிளவையே பார்த்தார்.

"சத்தியமா?"

எங்கள் வீட்டில் சத்தியம் என்பது சும்மா வாயில் வருவது இல்லை. அதுவும் பிள்ளை பேரில்.

"எம் புள்ள மேல சத்தியமா."

அவர் இறங்கினார். ரோட்டில் வைத்தே தட்டை நீட்டினார். "பிடிங்க, ராகுகாலம் வந்துரும்" என்றார். நான் வாங்கினேன். தகரம் தட்டில் மோதிக் கணகணவென்று சத்தம் போட்டது. அந்தத் தெருவே கேட்டது.

அவர்கள் போனபிறகு என் வீட்டுக்காரர் தகரக் கத்தரியைத் தேடப் பின்கட்டுக்குப் போனார். மகள் எனக்குப் பின்னால் நின்று கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா என்மேல பொய் சத்தியம் பண்ணே?" என்றாள்.

"நீ ஏன் என்னை அங்கிள்னு சொன்னேன்னு நான் கேட்டேனா?"

அவள் அழுவது தகரம் வழியாக எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை, கழுத்து மாட்டியிருந்தது.

"விரலை எடு. விளிம்பு இன்னும் மடிக்கல, கிழிச்சிரும்" என்றேன்.

அவள் எடுக்கவில்லை.