ஹாலிபட்டின் தலையில் இருந்த ஓட்டை

சிக்ரித் ஹௌக்லாந்துக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. கனடா எல்லையை ஒட்டிய கெச்சிக்கான் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளுடைய அண்ணன் லார்ஸ் மான் வேட்டைக்குப் போய்விட்டு அவள் வீட்டுக்கு வந்தால், ரைஃபிளோடு வாசலைத் தாண்ட முடியாது. கொட்டுகிற மழையில் அதைக் கட்டி வைக்க இடம் தேடி நனைந்துகொண்டு நிற்பார்.

"இது வீடா, கோர்ட்டா?" என்று முணுமுணுப்பார்.

"சூப் வேணுமா வேண்டாமா? வேணும்னா அந்தச் சனியன் வெளியவே கிடக்கட்டும்" என்பாள் அவள்.

அப்பேர்ப்பட்டவள் கைத்துப்பாக்கி கடத்தினாள் என்று பிடிபட்டாள் என்றால், கேட்டவனுக்குச் சிரிப்பு வருமா வராதா?

சின்ன வயதிலேயே மீன் தொழிற்சாலைக்குப் போய், சால்மனை அறுத்து அறுத்துக் காய்ப்பேறிய கை அவளுடையது. புருஷன் ஆர்னேயும் அவளும் சேர்ந்து ஒரு சின்னப் படகு வாங்கினார்கள். ஒருநாள் ஆர்னே ஆள் உயர ஹாலிபட் ஒன்றை உயிரோடு படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டார். தட்டையான மீன்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. அது துள்ளி அடித்த அடியில் அவர் கால் எலும்பு முறிந்தது. அதன்பிறகு சாகும்வரை நொண்டிதான்.

அன்று முதல் அந்தப் படகில் ஒரு வழக்கம். ஹாலிபட் தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் தலையில் ஒன்று சுட்டு, அசைவு நின்ற பிறகுதான் கொக்கிக் கம்பால் மேலே இழுப்பார்கள். அதற்காகத் துருப்பிடித்த ஒரு குட்டி ரிவால்வர் தூண்டில் பெட்டியில் குறடு, கத்தியோடு கிடக்கும். ஆர்னே போன பிறகும் அது அங்கேயேதான் கிடந்தது. அந்த ஊரில் பாதிப் படகுகளில் இப்படி ஒன்று உண்டு. யாரும் அதைத் துப்பாக்கி என்று சொல்லமாட்டார்கள். ஹாலிபட் சாமான், அவ்வளவுதான்.

மகள் தோராவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவின் ரூப்பர்ட்டில் கல்யாணம். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரன். கல்யாணத்தன்று சாயங்காலம் சர்ச்சில் இருக்க வேண்டும் என்று சிக்ரித் படகிலேயே கிளம்பினாள். கல்யாணப் புடவை போல மடித்து வைத்த நீலக் கவுன் ஒரு பையில் தொங்கியது. வழியில், இன்னும் தங்கள் கடலிலேயே இருக்கும்போது, தூண்டிலில் பெரிய ஹாலிபட் ஒன்று மாட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்துக்கு அம்மா பிடித்த மீன்!

ரூப்பர்ட்டில் சுங்கச் சோதனைப் படகுத்துறையில் படகைக் கட்டியதும் டெனீஸ் என்ற இளம் அதிகாரி வந்தாள்.

"படகுல துப்பாக்கி, தோட்டா ஏதாவது இருக்கா?"

"ஐயய்யே, அந்தக் கருமத்தையெல்லாம் நான் தொடறதே இல்ல."

"நிச்சயமா?"

"சத்தியமா. அத விடு, இத வந்து பாரு!" என்று ஹாலிபட்டை மூடியிருந்த சாக்கை விலக்கிக் காட்டினாள்.

டெனீஸ் வாயைப் பிளந்தாள். பிறகு குனிந்தாள். "தலையில என்ன ஓட்டை?"

"சுட்டது."

"என்னது?"

"சுடாம எப்படிம்மா மேல ஏத்தறது? உன் காலு உனக்கு வேணாமா?" என்றபடியே சிக்ரித் தூண்டில் பெட்டிக்குக் கையை நீட்டினாள்.

"கைய எடுங்க! தொடாதீங்க!"

இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். பெட்டியைத் திறந்த டெனீஸ் ரிவால்வரை வெளியே எடுத்தாள்.

"இது கைத்துப்பாக்கி. இருக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா பேசித் தீர்த்திருக்கலாம். இல்லேன்னு சத்தியம் பண்ணீங்களே! பொய் சொல்லிக் கொண்டுவந்தா கேஸு. இங்கேர்ந்தே திருப்பி அனுப்பிடுவாங்க."

"பொய்யா? நானா? என் பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம்மா!"

நிஜமாகவே அறியாமல் சொன்னாளா என்று சோதித்துப் பார்க்க டெனீஸ் நினைத்தாள். மகளின் நம்பரை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி போன் போட்டாள். "நீங்க வாயே திறக்கக் கூடாது" என்றாள் சிக்ரித்திடம்.

"உங்க அம்மா படகுல துப்பாக்கி வெச்சிருப்பாங்களா?"

தோரா சிரித்தாள். "எங்க அம்மாவா? மாமாவையே மழையில நிக்க வைக்கிற ஆளு! துப்பாக்கின்னாலே ஆகாது."

"சரி. ஹாலிபட் மாட்டினா எப்படி மேல ஏத்துவாங்க?"

"தலையில ஒண்ணு சுட்டுட்டுத்தான். ஏன், மீன் கெடச்சுதா?"

"எதால சுடுவாங்க?"

"அதான், அந்த ஹாலிபட்..." பேச்சு பாதியில் நின்றது. "ஐயோ" என்றாள் தோரா. "ஐயையோ, அம்மா!"

டெனீஸ் போனை வைத்துவிட்டு மேலதிகாரியிடம் போனாள். ரிவால்வர் பறிபோனது, அபராதமும் விழுந்தது. ஆனால் தாயும் மகளும் சொல்லிவைத்துப் பேசவில்லை என்று தெரிந்ததால் வழக்கு இல்லாமல் விட்டார்கள்.

சிக்ரித் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுனில் மீன் வாடை. விருந்தில் ஹாலிபட்டை ருசித்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்ன இத்தன வருஷம் மழையில நிக்க வெச்சேனே அண்ணா. என் படகுலயே ஒரு துப்பாக்கி இருந்திருக்கு."

லார்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "துப்பாக்கியா? உன் படகுலயா? எத்தனயோ தடவ உன்கூட ஹாலிபட் புடிக்க வந்திருக்கேன், நான் பாத்ததே இல்லையே!"