அடுப்புக்குப் பின்னால் ஒற்றை பூட்ஸ்

யாத்விகா விருந்தாளிகளின் பூட்ஸைத் திருடுகிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஒரு ஞாயிறு கூடக் கோயிலைத் தவறவிடாத போலந்துக்காரப் பெண்மணி மேல் இப்படி ஒரு பழியா என்று விசாரிக்கப் போனால், பாதிதான் பொய். அவர் எடுப்பது ஒற்றை பூட்ஸை மட்டும்.

பீட்ரூட் நறுக்கியபடி அவரே ஒப்புக்கொள்கிறார். “ரெண்டையும் எடுத்தா திருட்டு. ஒண்ணை எடுத்தா உபசரிப்பு.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, முதல் நட்சத்திரம் தெரிந்ததும் போலந்துக்காரர்கள் சாப்பிட உட்காருவார்கள். எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பது வழக்கம். மற்ற வீடுகளில் அது கறைபடாமல் அலமாரிக்குத் திரும்பிவிடும். யாத்விகாவுக்கு அது பொறுக்காது.

“எங்கம்மாவை நாடு கடத்தி ரயில்ல கொண்டுவந்து இந்தக் கஸகஸ்தான் வெட்டவெளியில தள்ளினப்ப, முகம் தெரியாதவங்க வீட்டுத் தட்டுலதான் உயிர் தங்குச்சு. காலித் தட்டை வச்சு கர்த்தரை ஏமாத்தவா?”

ஆகவே வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். லாரி ஓட்டுநர், மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர், ஒரு வருடம் வரி அதிகாரி. பனி அப்பிய பூட்ஸோடு வீட்டுக்குள் நுழைய இங்கே யாருக்கும் மனம் வராது. கழற்றினார்களோ, தீர்ந்தது. ஒன்று ‘காய’ அடுப்புக்குப் பின்னால் போய்விடும். அன்றைய வழக்கப்படி சமைத்த பன்னிரண்டு பதார்த்தமும் உள்ளே இறங்கும்வரை கிடைக்காது. வெளியே மைனஸ் முப்பது. வரி அதிகாரியே பேசாமல் சாப்பிட்டார்.

யாத்விகா முப்பது வருடம் தானியக் கிடங்கில் எடை போட்டவர். ஆளைப் பார்த்ததும் வணக்கம் வராது, எடைதான் வரும். “நாலு கிலோ இறங்கிட்ட. யாரு சமைக்கிறா?”

இந்த வருடம் பனிப்புயலில் சாலை அடைபட்டது. லாரி இல்லை, அதிகாரி இல்லை. எதிர்வீட்டு செய்த்கலி மட்டும் இருந்தார். கஸாக் இனத்தவர், ரயில்வே கேட் கீப்பர். வசந்தத்தில் மனைவி ஸௌரே இறந்ததிலிருந்து யார் வீட்டு வாசலையும் மிதிக்காதவர்.

“பதினொரு கிலோ,” என்றார் யாத்விகா. இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

வேலியோரம் நின்று மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. மூன்று தடவையும் ஒரே பதில்: “பசிக்கல அக்கா.”

கடைசியில் ஒரு கிண்ணத்தைச் சாக்காக எடுத்தார். கோடையில் அந்த வீட்டுக்கு நீலக் கிண்ணம் நிறையக் கொழுக்கட்டை கொடுத்திருந்தார். இந்த ஊரில் பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது. நிரப்ப ஆளில்லாத வீட்டில் அது ஆறு மாதமாக வெட்கப்பட்டுக் கிடந்தது.

“கிண்ணம் இல்லாம சூப்பை எதுல ஊத்துவேன்? உடனே கொண்டா.”

அவர் அலமாரியில் ஒன்பது கிண்ணம் இருக்கிறது.

செய்த்கலி வந்தார். ஊர்ப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்ததால் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று கிண்ணத்தை நீட்டினார்.

“வெறும் கிண்ணமா தம்பி? ஸௌரே இருந்தா இப்படி அனுப்புவாளா?”

அவர் முகம் தொங்கிவிட்டது. அடி பலமாகப் பட்டுவிட்டதென்று யாத்விகாவுக்கே தெரிந்தது. குரல் இறங்கியது. “சரி விடு. அபராதம் கட்டிட்டுப் போ. உட்காரு.”

பூட்ஸ் கழன்றது. செய்த்கலி மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். மீன், காளான், கோஸ் கொழுக்கட்டை, கசகசா போட்ட இனிப்பு.

“இறைச்சி எங்க?”

“இன்னிக்கு எங்களுக்கு நோன்பு.”

“பன்னெண்டு வகை வச்சுக்கிட்டா? இறைச்சி இல்லாம பன்னெண்டு வகைன்னா, எங்காளுங்க அதைத் தண்டனைம்பாங்க.”

“அதான் அபராதம்னேனே.”

கொழுக்கட்டையை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார். தட்டை ரொட்டியால் துடைத்தும் தின்றார்.

கிளம்பும்போது நீலக் கிண்ணம் மறுபடி நிறைந்து கைக்கு வந்தது.

“இதை நான் எப்பிடித் திருப்புவேன் அக்கா?”

“அது உன் பாடு. இரு, மூடி எடுத்துட்டு வரேன்.”

யாத்விகா உள்ளே போனார். ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்ட செய்த்கலி, அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மற்றது அங்கேதான், நன்றாகக் காய்ந்து நின்றது. காலால் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, வாசலில் கிடந்த யாத்விகாவின் பழைய கம்பளிச் செருப்பில் பாதத்தை நுழைத்துக்கொண்டார்.