கயிற்றைப் பிடித்திருந்தவர்

கால்நடை வளர்ப்பவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மிருக வைத்திய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவள் நான். அதிலேயே ஆராய்ச்சி செய்து பட்டமும் வாங்கியிருந்தேன். சமாதான காலத்தில் ஒருநாள் காலை, மாணவர்களோடு யாழ்ப்பாணத்தை அடுத்த அனலைதீவில் இலவசக் கால்நடை மருத்துவ முகாம் நடத்தினோம்.

முதலில் ஒரு மெலிந்த ஆடு வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் ஒரு மீனவர். "நான் விசாரிக்கிற விதத்தைக் கவனியுங்கள்" என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

"வடிவாத் தின்னுதோ, அண்ணை?"

"தின்னுது போலதான் கிடக்கு."

"சினையோ?"

"அப்பிடித் தெரியேல்லை."

குடற்பூச்சி மருந்தைப் பற்றி விரிவாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாக "ஓம்" சொன்னார். மருந்தை ஆட்டின் வாயருகே கொண்டுபோனபோது ஒரு பெண் ஓடிவந்தார்.

"டொக்டர், பொறுங்கோ. அது என்ர ஆடு. போன மாசம்தான் சினைப்பட்டது. தண்ணி குடிக்கப் போகேக்க இவரிட்டைக் கயிறைக் குடுத்திட்டுப் போனனான்."

இளஞ்சினையில் அந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. என் கை அப்படியே நின்றது.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"ஆடு ஆரின்ரை எண்டு நீங்கள் கேக்கேல்லையே, டொக்டர். கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்சதைச் சொன்னனான்."

மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் வெடித்துச் சிரித்தது நான்தான். ஆட்டுக்காரியும் சிரித்தார்.

இப்போதும் முதல் வகுப்பில் ஒரு மாணவரிடம் கயிற்றுத் துண்டொன்றைக் கொடுத்து, அதில் ஓர் ஆடு கட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அவரிடம் விசாரிக்கச் சொல்வேன். தீனி, சினை, புழுக்கை எல்லாம் அழகாகக் கேட்பார்கள். ஆடு யாருடையது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.