மோட்டாருக்குக் குரல் கொடுத்த வருஷம்

வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டில் இருந்தபடியே செல்போனில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்து விற்கிறோம். அது ஒழுங்காக வேலை செய்யும் நாளில் எங்களை ஒருவரும் நினைப்பதில்லை. சின்ன கம்பெனி நடத்தும் உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

உத்திரமேரூரில் நாங்கள் மூன்று பேர். நான், பெட்டி மாட்டும் அந்தோணி, ஆபீஸில் போன் எடுக்கும் செல்வி. மார்கழியில் வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லி காலண்டர் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் அச்சகத்தார் கேட்டபோது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இதே வேலையைச் செய்யும் பெட்டியைப் பெரிய கம்பெனி ஒன்றும் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு ஒரு வேலையும் தயாராக இருந்தது. அடுத்த வருஷம் இல்லாத கம்பெனிக்குக் காலண்டர் எதற்கு?

பதில் சொல்லாத செல்வி

பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அதன் நம்பருக்குப் போன் செய்தால் மோட்டார் ஓடும். "மோட்டார் ஓடுது" என்று பதிவு செய்த குரல் சொல்லும். குரல் செல்வியுடையது.

இந்த வருஷம் ஒருநாள் காவாந்தண்டலத்துக்காரர் ஒருவர் ஏதோ சந்தேகம் கேட்க ஆபீஸுக்குப் போன் செய்தார். செல்வி "வணக்கம்" என்றதும் சந்தேகத்தை மறந்துவிட்டார். "இன்னாம்மா, காலைல மோட்டார் ஓடுதுன்னு சொன்ன. நல்லாக்கிறியான்னு கேட்டேன், பட்டுனு வெச்சிட்ட. அவ்ளோ பேஜாரா நானு?"

ஸ்டேஷன் குரல்

பெரிய கம்பெனிக்கு நிகராகத் தெரிய வேண்டும் என்று செல்வியின் குரலை எடுத்துவிட்டு, கணினிக் குரல் ஒன்றைப் போட்டேன். "தங்கள் மோட்டார் இயக்கப்பட்டது" என்று அது சுத்தமாகச் சொன்னது. நிகராக வேண்டியது குரலில்தானா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திருப்புலிவனம் கன்னியப்பன் என்னைவிடப் பெரியவர். எங்கள் முதல் வாடிக்கையாளர். ஆபீஸுக்கே வந்து திட்டினார். "அந்தப் பொண்ணு சொன்னா நம்பிக்கினு படுத்துக்குவேன். இது ரயில்வே ஸ்டேஷன்ல சொல்ற மாரி கீது. வண்டி வந்துச்சா இல்லியான்னு நாமதான் போய்ப் பாக்கணும்!"

செல்வியின் குரலைத் திரும்பப் போட்டோம்.

ஆண் குரல்

தீபாவளி முடிந்த வாரம் சாலவாக்கத்திலிருந்து ராஜேந்திரன் போன் செய்தார். கதிர் வரும் நேரம், மோட்டார் ஓடவில்லை. "மறுபடியும் கொரல மாத்திட்டீங்களா சார்? 'ஹலோ, யாரு'ன்னு ஒரு ஆம்பள கேக்கறான்!"

அந்தோணியோடு நானும் போனேன். பெட்டிக்குள் சிம் இல்லை. தீபாவளிக்கு வந்த புது மாப்பிள்ளை அதைக் கழற்றித் தன் போனில் போட்டு, கட்டிலில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜேந்திரன் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார். "மாப்பிள்ளைய கேக்க முடியுமா சார்? வேற சிம் போடுங்க, அது அவராண்டயே இருக்கட்டும்."

ஆணி

மார்கழி பாதி போனது. காலண்டரில் நன்றி என்று எழுதலாம்தான். பெட்டியை வாங்கியதற்கா, பொறுத்துக்கொண்டதற்கா? வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

கன்னியப்பன் வந்து நின்றார். "காலண்டர் எங்க சார்?"

"இந்த வருஷம் அடிக்கல. கம்பெனியே இருக்குமான்னு தெரியல."

அவர் உட்காரவில்லை. "பெரிய கம்பெனிக்காரன் குடுத்த காலண்டர் கட்டிலுக்கு அடியில கீது. உன்னுதுக்குத்தான் ஆணிய காலியா வெச்சிக்கிறேன். அவனுக்குப் போன் பண்ணா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்றான். நீ ஒருத்தன்தான் சார், திட்டுனா நின்னு வாங்கிக்கிற!"

அன்று மாலையே ஒரகடத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, காலண்டரில் நன்றிக்குக் கீழே, திட்டுவதற்கு வசதியாக என் சொந்த நம்பரையும் போடச் சொன்னேன்.